குளிர்காலத்தில் ஃப்ளை ராடை எங்கே கொண்டுபோவது: வீட்டுக் கடலா, கோசியா, மொரிசியஸா?

ஜூன் பிறந்துவிட்டால் டர்பனில் ஃப்ளை ராட், அதாவது ஃப்ளை என்கிற இறகுப் பொய் இரையை வீசும் தூண்டில், வைத்திருக்கிற நம் ஆட்களுக்கு வடக்குப் பித்துப் பிடித்துவிடும். மொசாம்பிக் எல்லை ஒட்டிய கோசி போகலாமா, பார்டர் தாண்டி பொன்டா போகலாமா, கையில் கொஞ்சம் காசு புரண்டால் மொரிசியஸா என்று ஒரே பேச்சு. ஏன் என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான்: இங்கே தண்ணீர் குளிர்ந்துவிட்டது, அங்கே சூடாக இருக்கும். என் கட்சி வேறு. குளிர்காலத்தில் ஃப்ளை வீசுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் சூட்டை இல்லை. காற்று, தண்ணீரின் தெளிவு, அந்த மாதம் எந்த மீன் எங்கே நிற்கிறது, இந்த மூன்றையும்தான்.

சூட்டுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அகுல்லாஸ் நீரோட்டம் மொசாம்பிக் பக்கமிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை நம் கரையோரமாகத் தெற்கே கொண்டுபோகிறது. அதனால்தான் ஜூலையிலும் டர்பன் கடல் 20, 21 டிகிரியில் நிற்கிறது, கேப் டவுன்காரரிடம் போய் இதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார். சோட்வானா, கோசி பக்கம் போனால் ஒன்றிரண்டு டிகிரி கூடும். மொரிசியஸ் லகூனில், அதாவது பவளத்திட்டுக்கு உள்ளே இருக்கிற ஆழமில்லாத கடலில், 23 வாக்கில் இருக்கும். ஆக, ஐந்து மணி நேரம் கார் ஓட்டியோ விமானம் ஏறியோ நாம் வாங்கி வருவது இரண்டு மூன்று டிகிரிதான். ஜெயன்ட் கிங்ஃபிஷ் என்று இங்கே சொல்கிற பெரும் பாரைக்கு அந்த இரண்டு டிகிரி பெரிய விஷயம், ஒப்புக்கொள்கிறேன். குளிர்காலத்தில் அது நம் கரையில் குறைந்துவிடும். ஆனால் அது குறைகிற அதே மாதங்களில்தான் கேப் பக்கமிருந்து காரிக் என்கிற வேட்டை மீன் மேலே ஏறி வருகிறது. ஒன்று போனால் ஒன்று வருகிறது, நாம்தான் போனதையே நினைத்துக்கொண்டு பெட்டி கட்டுகிறோம்.

சரி, வீட்டுக் கடலில் ஆரம்பிக்கலாம். குவாசுலு-நடாலில் மழை கோடையில்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒவ்வொரு ஆறும் செம்மண்ணைக் கரைத்துக் கடலில் கொட்டும், அந்தக் காப்பித் தண்ணீரில் எவ்வளவு அழகாக ஃப்ளை கட்டிப் போட்டாலும் மீன் கண்ணில் படாது. மே தாண்டியதும் ஆறுகள் இளைத்துவிடும், கடல் தெளிந்துவிடும். இரண்டாவது, காலைக் காற்று. குளிர்கால இரவில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோவதால் விடியும் நேரத்தில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து மெல்லிய காற்று வீசும். அது அலையைத் தட்டையாக்கிவிடும், நம் முதுகுப் பக்கமிருந்து வருவதால் லைனையும், அதாவது நாம் வீசுகிற தூண்டில் கயிற்றையும், தூக்கிக்கொண்டு போகும். பின்வீச்சை மட்டும் தாழ்வாக வைத்து முன்வீச்சைக் கொஞ்சம் உயர்த்தி விட்டால் போதும். வெயில் ஏறியதும் வடகிழக்குக் காற்று கிளம்பிவிடும், அதற்குள் வீட்டுக்கு வந்து டீ குடிக்கலாம். ஜூன் கடைசியில் சூரியன் உதிப்பதே ஏழு மணிக்குச் சற்று முன்னால்தான் என்பதால் கோடையைப் போல நடுராத்திரியில் அலாரம் வைத்து வீட்டில் எல்லாரையும் எழுப்பித் திட்டு வாங்க வேண்டியதும் இல்லை.

மீன் என்று பார்த்தால் காரிக்தான் ராஜா. ஷேட் மீனையும் மத்தியையும் மடவையையும் துரத்திக்கொண்டு குளிர்காலத்தில் இங்கே வந்து, ஆகஸ்ட் வாக்கிலிருந்து நம் கரைக்கு அப்பால் முட்டையிடுகிறது. ஆற்று முகங்களுக்கு வெளியே, பாறை முனைகளில், அலை உடைகிற வெள்ளை நுரைக்குப் பின்னால் சுற்றும். உம்கோமாஸ், ஸ்காட்பர்க், பார்க் ரைனி, வடக்கே உம்ஷ்லாங்கா என்று பெரிதாகப் பெட்ரோல் செலவில்லாத இடங்கள். இதை ஃப்ளையில் பிடிப்பது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்னாலேயே வரும், கால் பக்கம் வரை வந்து பார்க்கும், அப்புறம் வேலை இருக்கிற மாதிரி திரும்பிப் போய்விடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது: கூட வருகிற நண்பர் முள் இல்லாத பிளக் என்கிற பெரிய பொய் மீன் ஒன்றை ஸ்பின்னிங் ராடில் தூரமாக வீசி, தண்ணீரின் மேல் தெறிக்கவிட்டு வேகமாக இழுத்து வர வேண்டும். காரிக் கோபத்தில் முதுகுத் துடுப்பை விறைத்துக்கொண்டு அதன் பின்னாலேயே வரும். வீச்சுக்கு எட்டும் தூரம் வந்ததும் அவர் பிளக்கைப் பிடுங்கிவிட, அதே இடத்தில் ஒரு சாண் நீள வெள்ளை ஃப்ளையை நீங்கள் போட்டு நிற்காமல் இழுக்க வேண்டும். நிறுத்தினால் முடிந்தது கதை. இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை, ஆகவே முகம் கொடுத்துப் பேசுகிற ஒரு நண்பர் தேவை. தனியாகப் போகிறவர்களுக்கு இந்த மீன் பாதிதான் கிடைக்கும்.

காரிக்குக் குறைந்தபட்ச நீளம் 70 சென்டிமீட்டர், ஒரு நாளைக்கு ஒருவருக்கு 2. விற்கக் கூடாது. சட்டம் 2 என்றாலும் நான் விட்டுவிடச் சொல்வேன், இந்த மீன் முன்பு போல இல்லை என்பது இந்தக் கரையில் நின்று பழகிய எல்லாருக்கும் தெரியும்.

காரிக் வராத காலையில் ஷேட் இருக்கவே இருக்கிறது. ஷேட்டுக்கு ஃப்ளை என்பது கிட்டத்தட்ட அதிகப்படியான மரியாதை, எதைப் போட்டாலும் கடிக்கும், ஆனால் பல்லால் லீடரை, அதாவது லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் கட்டுகிற மெல்லிய நரம்பை, நறுக்கிவிடும் என்பதால் ஒரு சாண் மெல்லிய வயர் போட்டுக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நாளைக்கு 4. மாமி கையால் புளி விட்டு, கத்தரிக்காய் போட்டு, கறிவேப்பிலை தாளித்துச் செய்த ஷேட் கறிக்கு முன்னால் மொரிசியஸ் என்ன, மாலத்தீவு என்ன. ஒரு தொல்லை, இடம். ஷேட் வருகிற பாறையில் நம் ஆட்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்பார்கள். அங்கே போய் ஃப்ளை லைனைப் பின்னால் வீசினால் யாருடைய காதிலாவது முள் ஏறும், அதற்கப்புறம் அந்தப் பாறைக்கு நீங்கள் வாழ்நாளில் திரும்ப முடியாது. கூட்டத்தின் ஓரத்துக்குப் போங்கள், அல்லது அவர்கள் கிளம்பும்வரை காத்திருங்கள். எட்டு, ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள்.

மத்தி ஓட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் குளிர்காலத்தைச் சொல்ல முடியாது. மே முதல் ஜூலை வரை, கரையோரத் தண்ணீர் 21 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது தெற்கேயிருந்து மத்திக் கூட்டம் நம் தென்கரைக்கு வருகிறது. சில வருடம் கரையில் கொட்டும், சில வருடம் எட்டியே போய்விடும். 2021 இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று வேடிக்கையான விஷயம் சொன்னது: இங்கே ஓடி வருகிற மத்தியில் பெரும்பாலும் குளிர்ந்த அட்லாண்டிக் பக்கத்து வம்சம்தானாம், நம் வெதுவெதுப்பான தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளாத பொறி மாதிரி. நம் பெரியவர்கள் கரைவலை இழுத்த காலத்திலிருந்து மத்தி வருகிறது என்றால் டர்பனே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். ஆனால் ஃப்ளைக்காரருக்கு அந்த நாள் அவ்வளவு நல்ல நாள் இல்லை. தண்ணீர் முழுக்க நிஜ மத்தி லட்சக்கணக்கில் மிதக்கும்போது உங்கள் இறகு மத்தியை எந்த மீன் தேடி வந்து கடிக்கப்போகிறது? கூட்டம் வருவதற்கு முந்தைய நாட்களும் கடந்துபோன பிறகு மிஞ்சிய சில்லறை மீன் கரையில் அலைகிற நாட்களும்தான் நமக்கு. சுறாவும் கூடவே வரும், மத்தி நெருங்கும்போது சுறா வாரியம் குளிக்கிறவர்களைக் காக்கப் போட்டிருக்கிற வலைகளைத் தூக்கிவிடும், ஆகவே முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

இன்னொன்று அதிகம் பேர் கவனிக்காதது: குளிர்காலத்தில் ஆறு வற்றும்போது பல சின்ன ஆறுகளின் வாய் மணல் திட்டால் அடைபட்டுவிடும். ஸின்க்வாஸி மாதிரி அப்படி மூடிய கழிமுகத்துக்குள் சின்னப் பாரைகள் மாட்டிக்கொண்டு சுற்றும். ஆறாம் எண், ஏழாம் எண் என்கிற இலகுவான ராடுக்குச் சரியான விளையாட்டு, காற்று அடிக்கிற நாளில் ஒதுங்கவும் நல்ல இடம். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பன் பக்கத்துக் கழிவுநீர் அமைப்புகளை உடைத்துப் போட்டதிலிருந்து எந்தக் கழிமுகத்துத் தண்ணீரையும் விசாரிக்காமல் தொடாதீர்கள். காலில் சின்ன வெட்டு இருந்தால்கூட இறங்க வேண்டாம்.

இப்போது கோசி. டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலை, அப்புறம் ஆர்22 பிடித்து ஹ்லுஹ்லுவே வழியாக மேலே போனால் மங்குஸி ஊர், அதைத் தாண்டினால் மொசாம்பிக் எல்லை ஒட்டி கோசி. ஒன்றோடொன்று கோத்த நான்கு ஏரிகள், ஒரே வாய் வழியாகக் கடலுக்குத் திறக்கின்றன. 1999 இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இசிமங்கலிசோ பூங்காவுக்குள் இருக்கிறது. தண்ணீர் கண்ணாடி. மணல் திட்டில் நின்று மீனைக் கண்ணால் பார்த்து, அது போகிற வழியில் ஃப்ளையைப் போட்டு, அது திரும்புகிறதா இல்லையா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற சுகம் டர்பன் கரையில் கிடைக்காது, அதை நான் மறைக்கவில்லை. வாய்க்கு வெளியே அலையில் வேவ் காரிக் என்று இங்கே சொல்கிற பொம்பானோ மேயும். உள்ளே கிரண்டர் மீனும் சின்னப் பாரைகளும். பெரும் பாரை வேண்டும் என்று குளிர்காலத்தில் கோசி போகிறவருக்கு ஏமாற்றம்தான் அதிகம், அதற்குக் கோடையில் போக வேண்டும். இதை டூர் விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் கோடையில் அங்கே வேறு தொல்லைகள். வெயில், கொசு, மலேரியா. அந்த வடக்கு மூலையில் மலேரியா குறைவுதான் என்றாலும் மழைக்காலத்தில் கூடும், ஜூன் ஜூலையில் மிகக் குறைவு. குடும்பத்தோடு போகிறவருக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

வாய்க்குப் போகிற பாதை முழு மணல், ஃபோர் பை ஃபோர் இல்லாமல் நினைக்கவே வேண்டாம், அதற்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், ஒரு நாளைக்கு விடுகிற வண்டிகளும் அளவுதான். கடல் மீன் பிடிக்கிற பொது அனுமதியும் கையில் இருக்க வேண்டும். பூங்காவுக்குள் மண்டலத்துக்கு மண்டலம் விதி மாறும், வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கழிமுகத்தில் வேலி வேலியாகக் குச்சி நட்டு வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள், அவை அங்குள்ள தோங்கா குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிற மீன் பொறிகள். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. அழகாக இருக்கிறது என்று அதற்குள் ஃப்ளை வீசுவது அடுத்தவர் தோட்டத்தில் ஏறிக் குதிப்பதற்குச் சமம். காலுக்குக் கெட்டியான அடி உள்ள செருப்போ பூட்ஸோ கட்டாயம், கோசி வாயில் கல்மீன் உண்டு, அதன் முதுகு முள்ளில் மிதித்தால் அன்றைய மீன்பிடி இல்லை, அந்த வாரமே முடிந்தது. உள் ஏரிகளில் முதலையும் நீர்யானையும் இருக்கின்றன. அதைவிட மோசம் செயின்ட் லூசியா கழிமுகம், நீர்யானை, முதலை, ஸம்பேஸி சுறா மூன்றும் ஒரே தண்ணீரில். அங்கே இறங்கி நின்று ஃப்ளை வீசலாமா என்று கேட்கிறவருக்கு என் பதில் படகில் ஏறுங்கள் அல்லது கோசிக்குப் போங்கள்.

பார்டர் தாண்டி பொன்டா டூ ஓரோ? 2018 இல் மபுட்டோ பாலம் திறந்ததிலிருந்து சாலை நன்றாகிவிட்டது, பொன்டாவரை சாதாரணக் காரில்கூடப் போகலாம். ஆனால் நம் தேவைக்கு அது கோசியின் நீட்சிதான். கரையில் நின்று வீச கோசியை விடச் சிறப்பாக எதுவும் இல்லை, படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் நல்ல மீன். காருக்கு வங்கிக் கடன் இருந்தால் வங்கிக் கடிதம் வேறு, மலேரியா மாத்திரை வேறு. நண்பர்கள் நாலு பேர் படகுச் செலவைப் பங்கு போட்டால் போங்கள், தனியாக வேண்டாம்.

மொரிசியஸ். மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் ஒரு முகம், மொரிசியஸ் போகலாமா என்று கேட்டால் வேறு முகம், அந்த வகையில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. நம் தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கு வாய் பிளக்கும், அது ஒரு தனி சந்தோஷம். ஆனால் ஃப்ளை ராடுக்கு? ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் அங்கே தென்கிழக்குக் காற்று உச்சத்தில் இருக்கும். ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ இல்லையோ, ஒன்பதாம் எண் லைன் கண்டிப்பாகப் பறக்கும். தென்கிழக்குக் கரையில் நின்று வீசுவது வீண் வேலை. மேற்கே லெ மோர்ன், ஃப்ளிக் அன் ஃப்ளாக், வடக்கே கிராண்ட் பே பக்கம் மலையும் தீவும் காற்றை மறைக்கிற இடங்களில் லகூன் அமைதியாக இருக்கும். அங்கே பவளத்திட்டு ஓரமாக விடியற்காலையில் நடந்தால் சின்னப் பாரைகள், பாறை மீன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் போன்ஃபிஷ். ஆனால் அந்த லகூன்கள் காலங்காலமாக வலையும் கூடையும் போட்டு மீன் எடுத்த இடங்கள், படத்தில் பார்க்கிற கூட்டம் கூட்டமான போன்ஃபிஷை அங்கே எதிர்பார்க்காதீர்கள். ஏற்ற இறக்கமும் அங்கே குறைவு. டர்பனில் பௌர்ணமி அமாவாசைக்கு இரண்டு மீட்டர் வாக்கில் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பழகியவருக்கு, மொரிசியஸில் எப்போது போவது என்று கணக்குப் போடவே முடியாத மாதிரி இருக்கும்.

அந்தப் படங்களில் வருவது செயின்ட் பிராண்டன். மொரிசியஸுக்குச் சொந்தம்தான், ஆனால் அங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே, கடலுக்கு நடுவில், படகில்தான் போக வேண்டும். போன்ஃபிஷ், பெர்மிட் என்கிற மீன், பெரும் பாரை மூன்றும் மணல் திட்டில் நடந்தே பிடிக்கிற உலகத்தின் சில இடங்களில் ஒன்று. விலை டாலரில். மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கிற பணத்தைத் தொடாமல் போக முடிந்தால் போய்வாருங்கள், ஆனால் ஜூலை ஆகஸ்டில் போகாதீர்கள். அவ்வளவு பணம் கொடுத்துக் காற்றோடு மல்லுக்கு நிற்பது என்ன புத்தி?

எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் நேராகக் கேட்டால், ஃப்ளையில் ஒரு நல்ல மீன் வேண்டும் என்கிறவர் வீட்டிலேயே இருந்து ஜூனிலிருந்து செப்டம்பர்வரை காற்றுப் பார்த்துப் பார்த்துக் காலை வேளையில் போய்வருவதுதான் சரி. ஒரு வாரம் லீவு போட்டு ஓரிடத்துக்குப் போனால் அந்த வாரம் தெற்குக் காற்று அடித்தால் அவ்வளவுதான், வீட்டுக் கடல் என்றால் அடுத்த நல்ல காலைக்காகக் காத்திருக்கலாம். இந்த ஒரு வசதியை எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. இப்போதுதான் வீசக் கற்றவர், மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க ஆசைப்படுகிறவர், பிள்ளைகளையும் கூட்டிப்போகிறவர் கோசிக்கு, அதுவும் ஜூன் ஜூலையில். ஆகஸ்டில் நம் கரை முழுக்கவே காற்று ஏறிவிடும். மொரிசியஸைக் குடும்ப விடுமுறையாக எண்ணிப் போங்கள், ராடைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், மீனை எண்ணாதீர்கள்.

கறிக்கு ஷேட் வேண்டும் என்கிறவர் நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிடும், வீட்டில் மீன் ஏறாது. புரட்டாசி முடியும்போது பார்த்தால் அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை ஷேட் பிடிக்கச் சட்டப்படி தடை. ஆகவே டிசம்பருக்கு முன்னால் கடைசி ஷேட் கறி செப்டம்பர் முதல் பாதியில்தான். புரட்டாசியில் காரிக்கைப் பிடித்துத் திரும்ப விட்டுவிட்டால் அது விரதத்தில் சேருமா என்பதை உங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் சேரும்.

சாமான் விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஒரு ராட்தான் வாங்க முடியும் என்றால் ஒன்பதாம் எண் வாங்குங்கள். காரிக்குக் கொஞ்சம் குறைவு, கோசிக்குக் கொஞ்சம் அதிகம், இரண்டுக்கும் சமாளிக்கும். அதைவிட முக்கியம் லைன். கடைக்காரர் கடல் என்றதும் வெப்பமண்டல லைனை எடுத்துக் கொடுப்பார். அது 30 டிகிரி வெயிலில் தளராமல் இருப்பதற்காகச் செய்தது. டர்பனில் ஜூலை விடியலில் காற்று 10, 12 டிகிரியில் இருக்கும்போது அது ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகொண்டு ராட் வளையங்களில் சிக்கும், எவ்வளவு இழுத்து நீட்டினாலும் சரியாகாது. மிதமான தண்ணீருக்கான இன்டர்மீடியட் லைன், அதாவது மெதுவாக மூழ்குகிற வகை, அதைக் கேட்டு வாங்குங்கள். அலைக்கு அடியில் இறங்கி நுரையைத் தாண்டி நிற்கும், கோசியிலும் உதவும். கரையில் நிற்க இடுப்பில் கட்டுகிற லைன் கூடையும் வாங்கிவிடுங்கள், கடையில் விலை அதிகமாக இருந்தால் பாத்திரம் கழுவுகிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் இரண்டு ஓட்டை போட்டு பெல்ட்டில் மாட்டினால் அதுவே போதும்.